கப்பலிலிருந்து இறங்கி யாலவுக்குப் போகலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னையிலிருந்து இலங்கை செல்லும் சொகுசுக் கப்பலில் குடும்பத்துடன் முன்பதிவு செய்திருக்கிறோம். கப்பல் காலை 8 மணிக்கு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அடைந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று பயணத் திட்டத்தில் உள்ளது. அங்கே இறங்குபவர்களுக்கு ‘வழிகாட்டியுடன் யால வனவிலங்கு சஃபாரி, 6 மணி நேரம்’ என்ற கரைச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனமே விற்கிறது. அதே யாலவுக்கு ஏறத்தாழப் பாதிச் செலவில் அழைத்துச் செல்வதாகத் திஸ்ஸமகாராமையைச் சேர்ந்த ஒரு ஜீப் உரிமையாளர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். இரண்டில் எதை வாங்குவது நல்லது?

பதில்: விலையை ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த 6 மணி நேரத்தில் காட்டுக்குள் நீங்கள் இருக்கப்போவது எவ்வளவு நேரம் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள நேரம் பெரும்பாலும் கப்பலின் படியிலிருந்து புறப்பட்டு மறுபடியும் அந்தப் படிக்குத் திரும்பும் வரையிலான மொத்த நேரமாகவே இருக்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து யால பூங்காவின் பலட்டுப்பான நுழைவாயிலுக்குச் செல்ல வேனில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வர அதே அளவு ஆகும். வேனிலிருந்து ஜீப்புக்கு மாறுவது, நுழைவுச்சீட்டு வாங்குவது, வழியில் உணவுக்கு நிறுத்துவது ஆகியவற்றையும் கழித்தால் மூன்று மணி நேரம் மிஞ்சினாலே நல்ல ஏற்பாடு என்று சொல்வேன்.

அந்த மூன்று மணி நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பது அதைவிட முக்கியமானது. கப்பல் 8 மணிக்குக் கரையணைந்தாலும், குடிவரவுச் சோதனை முடிந்து பயணிகள் குழுக்குழுவாக இறங்கி வண்டியில் ஏறும்போது 9 மணியைத் தாண்டிவிடும். பூங்காவுக்குள் நுழையும்போது 11 மணியை நெருங்கியிருக்கும். யாலவின் வாயில் திறப்பது காலை 6 மணிக்கு. சிறுத்தையைப் பார்க்க விரும்புபவர்கள் அந்த நேரத்துக்கே வரிசையில் நிற்பார்கள், அல்லது பிற்பகல் 3 மணிக்கு மேல் உள்ளே சென்று வாயில் மூடும் 6 மணி வரை இருப்பார்கள். வெயில் உச்சிக்கு வரும் வேளையில் சிறுத்தையும் கரடியும் நிழலில் படுத்துவிடும். மாலைச் சஃபாரியோ உங்கள் கப்பலின் புறப்பாட்டு நேரத்துக்குப் பொருந்தாது. 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே அனைவரும் ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஆக, இந்தக் கால அட்டவணையில் யாலவின் மிக மந்தமான பொழுதைத்தான் யார் மூலம் போனாலும் நீங்கள் விலை கொடுத்து வாங்குவீர்கள்.

இனி விலைக்கு வருவோம். யாலவில் செலவு இரண்டு தனிக் கணக்குகளாக இருக்கும். ஜீப் வாடகை வண்டிக்கு, நுழைவுச்சீட்டு ஆளுக்கு. வெளிநாட்டவருக்கான சீட்டு டாலர் கணக்கில் விதிக்கப்படுகிறது. இலங்கைக் குடிமக்கள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அதன்மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். வெளியில் உள்ள ஜீப்காரர் சொல்லும் ‘பாதி விலை’ பல நேரங்களில் வாடகை மட்டுமே. சீட்டுப் பணத்தை வாயிலில் கேட்கும்போதுதான் மீதிப் பாதி தெரியவரும். நுழைவுச்சீட்டு, வரி, துறைமுகத்திலிருந்து போய்வரும் வண்டி ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே தொகையைச் சொல்லச் சொல்லி, அதைக் கப்பலின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடச் சுருங்கிவிட வாய்ப்பு அதிகம். நான்கு பேர், ஆறு பேர் சேர்ந்து ஒரே ஜீப்பில் போகும்போதுதான் வெளி ஏற்பாடு உண்மையில் மலிவாகும். கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் அவ்வளவு இலாபம் இல்லை.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் ஒரே ஓர் உறுதிக்காகத்தான்: அவர்கள் அனுப்பிய வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. அம்பாந்தோட்டையில் இது ஏட்டளவிலான அச்சமன்று. பக்கத்திலேயே 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அங்கே வந்துபோகும் விமானங்கள் மிகச் சொற்பம். சென்னை திரும்பக் கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையம் வரை தரைவழியாகப் போக வேண்டும். உங்கள் கப்பலின் அடுத்த நிறுத்தம் திருகோணமலையாக இருந்தால் தீவின் தென்கோடியிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு பகல் முழுவதும் காரில் பயணம் செய்ய வேண்டியிருக்கும். பல கப்பல்களில் பயணிகளின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். இறங்கும்போது அதன் நகல் கையில் இருக்கட்டும்.

என் கருத்தைக் கேட்டால், 8 மணிக்கு அணையும் கப்பலிலிருந்து யாலவுக்குப் போகவே வேண்டாம். அம்பாந்தோட்டைக்கு எட்டும் தூரத்தில் வேறு இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன; அங்கே நடுப்பகல் அவ்வளவு வீணாகாது. ஒன்று உடவளவை. வளவை ஆற்றின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் அறிவிக்கப்பட்ட, 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பூங்காவில் மரங்கள் குறைவு, புல்வெளி அதிகம். யானைக் கூட்டங்கள் ஆண்டு முழுவதும் உண்டு, அவை மறைந்து நிற்க இடமும் குறைவு. அதன் அருகிலேயே தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுவதற்காக 1995இல் தொடங்கப்பட்ட யானை இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. குறித்த நேரங்களில் குட்டிகளுக்குப் பாலூட்டுவதைப் பொதுமக்கள் தள்ளி நின்று பார்க்கலாம். கப்பலின் பட்டியலில் உடவளவை இருந்தால் இந்த இல்லமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். பயணத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால், சிறுத்தை தேடி அலையும் மூன்று மணி நேரத்தைவிட இது அவர்களுக்கு மனநிறைவைத் தரும்.

மற்றொன்று புந்தல. துறைமுகத்துக்கு மிக அருகில், சுமார் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. உப்பங்கழிகளும் முட்புதர்களுமான அந்தச் சிறு பூங்கா, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையின்கீழ் இலங்கையில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் திரளும். முதலைகளைப் பகலிலேயே காணலாம். யானைகள் சில உண்டு. சிறுத்தையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கூட்டம் யாலவைப் போல நெருக்காது.

தூரம் அதிகமான உடவளவைக்குக் கப்பலின் மூலமும், அருகில் உள்ள புந்தலவுக்கு வெளி ஜீப்பிலும் போவது அறிவார்ந்த பிரிவினை. நீங்கள் குறிப்பிட்ட யால, வெளி ஜீப் என்ற சேர்க்கையில் தூரமும் ஆபத்தும் அதிகம், கிடைக்கும் பொழுது மோசம். எல்லாவற்றையும் அறிந்த பிறகும் யாலதான் வேண்டும் என்றால் கப்பல் வழியாகவே செல்லுங்கள். செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சியை முன்னிட்டு யாலவின் முதல் பிரிவை மூடுவது வழக்கம். உங்கள் பயணம் அந்த வாரங்களில் வருமானால் எந்தப் பிரிவுக்கு அழைத்துச் செல்லப்போகிறார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுத்தைக்குப் பெயர் பெற்றது முதல் பிரிவுதான்.

கேள்வி: ‘சிறுத்தை நிச்சயம்’ என்று விளம்பரம் செய்திருந்த சஃபாரியில் மயிலும் எருமையும் மட்டுமே கண்ணில் பட்டன. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: காட்டு விலங்கு தென்படவில்லை என்பது மட்டும் சேவைக் குறைபாடாகாது, ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் நிபந்தனைகளிலும் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ‘நிச்சயம்’ என்று வாக்குறுதி கொடுத்து விற்றிருந்தால் கேள்வி வேறாகிறது. விற்பவர் தம்மால் கட்டுப்படுத்த முடியாத ஒன்றுக்கு உறுதி கொடுத்து உங்களை வாங்கவைத்திருக்கிறார். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று சொல்வது இதைத்தான். இலங்கைச் சஃபாரி விளம்பரத்தில் வரிப்புலியின் படத்தைப் போட்டிருந்தாலும் அதே கணக்குதான், ஏனெனில் அந்தத் தீவில் வரிப்புலியே கிடையாது. அந்த விளம்பரத்தின் திரைப்பிடிப்பை வைத்திருக்கிறீர்களா என்பதே இப்போது உங்கள் பலம்.

இதைவிட வலுவான புகார்கள் பெரும்பாலும் நேரக் கணக்கில் கிடைக்கும். நான்கு மணி நேரம் காட்டுக்குள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்தால், வழிகாட்டி என்று சொல்லிவிட்டு ஓட்டுநரை மட்டும் அனுப்பினால், ஆறு பேர் ஏற வேண்டிய ஜீப்பில் எட்டுப் பேரை ஏற்றினால், அவை எல்லாம் எளிதில் நிரூபிக்கக்கூடிய குறைபாடுகள். நுழைவுச்சீட்டையும், வாயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் கைப்பேசியில் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். கப்பலுக்குத் திரும்பியவுடன், இறங்கும் நாள் வரை காத்திராமல், சுற்றுலா முகப்பில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: கடல் கொந்தளிப்பு காரணமாகக் கப்பல் அம்பாந்தோட்டையில் நிற்காமலே போய்விட்டது. கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்கும், தனியாக ஜீப்புக்குக் கட்டிய முன்பணத்துக்கும் என்ன வழி?

பதில்: கப்பலில் வாங்கிய சுற்றுலாவின் பணம் வழக்கமாக முழுமையாகத் திரும்பக் கிடைக்கும், துறைமுகத்தைத் தவிர்த்தது அவர்கள் முடிவு என்பதால் அதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. பணமாகத் தருகிறார்களா அல்லது கப்பலிலேயே செலவழிக்க வேண்டிய வரவாகத் தருகிறார்களா என்பதை மட்டும் இறங்குவதற்கு முன்னால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் துறைமுகத்தைத் தவிர்த்ததற்காகப் பயணக் கட்டணத்திலேயே கழிவு கேட்பது கடினம், ஏனெனில் வானிலைக்காக வழியை மாற்றும் உரிமையைக் கப்பல் தலைவருக்கு எல்லா ஒப்பந்தங்களும் கொடுக்கின்றன. அந்தத் துறைமுகத்துக்கென்று தனியாக வசூலித்த வரி ஏதேனும் இருந்தால் அதைக் கேட்கலாம்.

ஜீப் முன்பணம் வேறு கதை. ஜீப்காரர் அன்று காலை துறைமுகத்தில் வண்டியோடு நின்றிருப்பார், வராதது நீங்கள். ‘கப்பல் வராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப’ என்ற ஒரு வரியை முன்பதிவின்போதே எழுதி வாங்காதவருக்கு அவருடைய நல்லெண்ணத்தைத் தவிர வேறு பிடி கிடையாது. இனிமேல் இதுபோன்ற ஏற்பாடுகளில் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரை விட்டுவிடுங்கள். முன்பணத்தைச் சிறிதாக வைத்து மீதியை நேரில் கொடுங்கள். கடன் அட்டையில் கட்டினால், கிடைக்காத சேவைக்கு வங்கி மூலம் மறுப்புத் தெரிவிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். தனிநபர் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அதுவும் இல்லை.

கப்பல் நிறுவனம் பணத்தைத் தர மறுத்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. சுற்றுலாவை நடத்தியவர் வேறொரு ஒப்பந்ததாரர், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வரலாம். பணத்தை வாங்கி இரசீது கொடுத்தவர் யாரோ அவரை முதல் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, அந்த ஒப்பந்ததாரரை இரண்டாவதாகச் சேருங்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய, முதுகுவலி உள்ள என் தாயாரைக் கப்பலின் சஃபாரிக்கு அழைத்துச் செல்லலாமா? ‘எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

பதில்: கையேட்டை நம்ப வேண்டாம். இலங்கைப் பூங்காக்களில் ஓடுபவை பெரும்பாலும் பின்புறத்தில் உயரமான இருக்கைகளைப் பொருத்திய, பக்கங்கள் திறந்த ஜீப்புகள். ஏறுவதற்குச் செங்குத்தான இரும்புப் படிகள்தாம் இருக்கும். உள்ளே மண்பாதையில் குலுக்கல் ஓயாது. கடைசி வரிசையில் அது இரட்டிப்பாகும். நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. யாலவில் வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள இடங்கள் மிகச் சில. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் நினைவுச்சின்னம் உள்ள பட்டனங்கல கடற்கரை அவற்றில் ஒன்று. அதுவரை கழிப்பறை வசதியை எதிர்பார்க்க இயலாது.

மூன்று மணி நேரக் குலுக்கலை அவருடைய முதுகு தாங்குமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தாங்கும் என்றால் சுற்றுலா நேரம் குறைவாக உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநருக்கு அருகில் உள்ள முன் இருக்கையைப் பயணத்துக்கு முன்பே கேட்டு, அதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருக்கைக்கு இரும்புப் படியும் ஏற வேண்டாம், குலுக்கலும் குறைவு. ஆனால் குழுவாக அனுப்பும்போது அதில் வழிகாட்டியோ பூங்கா ஊழியரோ உட்கார்ந்துவிடுவார். முன் இருக்கையை உறுதிசெய்ய மறுத்தால், கட்டணமின்றி இரத்து செய்யும் காலக்கெடு முடிவதற்குள் அவருடைய சீட்டை மட்டும் இரத்து செய்துவிடுங்கள். பல நிறுவனங்களில் அந்தக் கெடு துறைமுகத்தை அடைவதற்கு 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.