பல்லு, லேசர், டென்டின்: கேளுங்க, சொல்றேன்

நான் ரூட் கெனால் பாக்குற டாக்டர். லைட் தெரபி பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, வரிசையா வர்றேன்.

மேடம், லேசர் அடிச்சா பல்லு புதுசா முளைக்கும்னு வாட்ஸப்ல வந்துச்சே?

முளைக்காதுங்க. 2014ல ஹார்வர்ட்ல பிரவீண் அரனி, டேவிட் மூனி குழு எலியோட கடவாப்பல்லுல ஓட்டை போட்டு, உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற மெத்துன்னான பல்ப் மேல கம்மி பவர் லேசர் காட்டி மூடி வெச்சாங்க, 12 வாரம் கழிச்சுப் பாத்தா டென்டின், அதாவது மேல்பூச்சான எனாமலுக்கு உள்ள இருக்கிற கெட்டிப் பகுதி, உருவாகியிருந்துச்சு. வெளிச்சம் பட்டதும் செல்லுல ஆக்ஸிஜன் சார்ந்த சில மூலக்கூறுகள் உண்டாகி, தூங்கிட்டிருக்கிற டிஜிஎஃப் பீட்டாங்கிற புரதத்தை எழுப்பும், அது வேற செல்லா மாறக்கூடிய ஸ்டெம் செல்லை டென்டின் கட்டுற செல்லா மாத்தும். அழகான வேலை. ஆனா அது டென்டின், முழுப் பல்லு இல்ல.

அப்போ எனாமல்?

எனாமல் கட்டுற செல்லு பல்லு வெளிய வர்றதுக்குள்ளயே போயிடும். இல்லாத செல்லை எந்த லைட்டும் எழுப்பாது.

சிவப்பு லைட் மெஷின் ஆன்லைன்ல வாங்கி வலிக்குற பல்லுல காட்டலாமா?

தயவுசெஞ்சு வேணாம். சொத்தை அப்படியே உள்ள போயிட்டிருக்கும், நீங்க லைட் காட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

நான் பிடிஎஸ் ஸ்டூடன்ட். பல்ப் மேல எம்டிஏங்கிற சிமென்ட் வெச்சாலே ஓட்டையை மூடுற டென்டின் பாலம் வருதே மேடம், லேசர் எதுக்கு?

நல்ல கேள்விப்பா. எம்டிஏவோட காரத்தன்மையும் டென்டின்ல பூட்டிக்கிடக்குற அதே வளர்ச்சிப் புரதங்களை வெளிய கொண்டுவரும், அதனால இன்னிக்கு என் கை முதல்ல எம்டிஏவுக்குத்தான் போகும். சொத்தையைச் சுரண்டி எடுத்ததும் குண்டூசி முனை அளவுக்கு ரோஸ் கலர்ல பல்ப் தெரியும், ஈரப் பஞ்சை வெச்சு அழுத்துவேன், சில நிமிஷத்துல ரத்தம் நின்னா அது பொழைக்கும்னு நம்பி மூடுவேன்.

லேசரையும் சேத்துக்கிட்டா நல்லதுதானே மேடம், அதிகமா காட்டினா இன்னும் வேகமா வளருமே?

இங்கதான் எனக்குக் கோவம் வரும். டோஸ் கூடினா செல்லு வளர்றதுக்குப் பதிலா அடங்கிப்போகும். பவரும் ஏறிட்டா சூடு வேற. 1965லயே ஸாக், கோஹன் ரெண்டு பேரும் குரங்குல காட்டிட்டாங்க, பல்ப் சூடு 5.5 டிகிரி ஏறினா சுமார் 15 சதவீதம் பல்லு மீளவே இல்ல. அலைநீளம், பவர், நேரம் மூணையும் எழுதாம "லேசர் வெச்சேன்"னு யார் சொன்னாலும் நம்பாதே.

ஃபில்லிங் பண்ணும்போது காட்டுற நீல லைட்டும் இதானா?

இல்ல, அது ஃபில்லிங்கை இறுக வைக்க.

ரூட் கெனால் பண்ண பல்லுக்கு லேசர் காட்டினா டென்டின் வளருமா?

இதே கேள்வி நாலாவது தடவை. ரூட் கெனால்ல பல்ப்பையே எடுத்துட்டோம், அங்க எழுப்ப செல்லு இல்ல.

என் பையனுக்கு 7 வயசு, பால்பல்லு சொத்தை, லேசர்?

குழந்தைங்க பல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்கம்மா.

எனக்கு ஜில் தண்ணி பட்டா கூசுது, ரெண்டு செகண்ட்ல போயிடுது. லேசர் பண்ணலாமா?

உடனே போயிடுதுன்னா பெரும்பாலும் உள்ள பல்ப் நல்லாத்தான் இருக்கு. லேசரை விடுங்க, இந்த வாரமே போய் எக்ஸ்ரே எடுங்க.