ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கிட்டு திடீர்னு பாயுது, டீலர் "பழைய கார்னா அப்படித்தான்"ங்கறார்

கேள்வி: அண்ணா வணக்கம். நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன். ரொம்ப வருஷமா ஆசைப்பட்ட ஹோண்டா எஸ்2000, 2002 மாடல், ஒரு யூஸ்டு கார் டீலர்கிட்ட வாங்கி இன்னியோட 23 நாள் ஆகுது. பிரச்சனை என்னன்னா காலை லேசா வச்சா ஆக்ஸிலேட்டர் நகரவே மாட்டேங்குது, கொஞ்சம் அழுத்தினா டக்குனு விட்டு கார் முன்னாடி பாயுது. காலைல எடுக்கும்போது பரவால்ல, டிராஃபிக்ல அரை மணி நேரம் ஊர்ந்துட்டு வந்தா ரொம்ப மோசம். டீலர் "இருபது வருஷத்து காரு, பாத்துதானே வாங்கினீங்க"னு சொல்லிட்டார். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், எஞ்சினுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்தற த்ராட்டில் பாடியவே பெரிய சைஸா மாத்திடலாம்ங்கறார். என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, முதல்ல ரெண்டு விஷயம். புது த்ராட்டில் பாடிக்கு ஒரு பவுண்டு கூட குடுக்காதீங்க. அதைவிட முக்கியம், நாளைக்கே ஸ்ப்ரே வாங்கி நீங்களே சுத்தம் பண்ணிடாதீங்க. ஏன்னா காரைத் திருப்பிக் குடுக்க உங்களுக்கு இருக்கற 30 நாள்ல இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கு, அதைப் பத்தி கீழ சொல்றேன். இப்போதைக்கு போனை எடுத்து வீடியோ எடுங்க. பெடல் பக்கத்துல போனை வச்சு, அது ஒட்டி ஒட்டி விடறது, கூடவே ரெவ் மீட்டர் துள்றது, ரெண்டும் தெரியணும், ஓடோமீட்டரும் ஒரு தடவை ஃபிரேம்ல வரணும்.

இப்ப வியாதி என்னனு பாப்போம். நீங்க சொன்ன அறிகுறி, மூடின நிலைல ஒட்டிக்கிட்டு அப்புறம் துள்றது, சூடானா அதிகமாறது, இது பெரும்பாலும் அழுக்குதான். அந்த எஞ்சின் 2 லிட்டர், 240 பிஎஸ், பவர் உச்சம் வர்றதே 8300 ஆர்பிஎம்ல, சிவப்புக் கோடு 9000. அந்த வேகத்துல பிஸ்டன் ஓரமா கீழ கசியற காத்தும் எண்ணெய் ஆவியும் அதிகம். சாதாரண ஓட்டத்துல பிசிவி வால்வு அதை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிச்சிடும், ஆனா ஃபுல்லா மிதிக்கும்போது காத்து உள்ள போற வழியான இன்டேக்ல இழுப்பு இருக்காது, அதனால அந்த ஆவி பிரீதர் ஹோஸ் வழியா த்ராட்டிலுக்கு முன்னாடியே வந்து விழும், விழுந்து, காத்து வழியைத் திறந்து மூடற பட்டர்ஃப்ளைத் தட்டோட ஓரத்துல படியும், எஞ்சின் சூட்டுல வெந்து வார்னிஷ் மாதிரி ஆயிடும். ஒரு நண்பரோட காரை இப்படி கழட்டினப்ப வெள்ளைத் துணில துடைச்சுப் பாத்தேன், வந்தது காஞ்ச கரி இல்ல, வருஷக்கணக்கா தேய்க்காத எண்ணெய்ச் சட்டி அடில இருக்குமே ஒரு பழுப்புக் கறுப்பு பிசுக்கு, அதேதான், தட்டு மூடி நிக்கற இடத்துல மட்டும் வட்டமா ஒரு கோடு, நகத்தால சுரண்டினா நகம் மாட்டுது. அந்தக் கோட்டுல தட்டு ஒட்டிக்குது, அவ்வளவுதான் விஷயம். ஐடில்ல, அதாவது பெடலைத் தொடாம எஞ்சின் ஓடும்போது, உள்ள இருக்கற வேக்குவம், அந்த இழுப்பு, வேற தட்டை இழுத்துப் பிடிச்சுக்கும், அதான் டிராஃபிக்ல உங்களுக்கு அவ்வளவு கஷ்டம்.

ஆனா நான் இங்க உக்காந்து சொல்றத நம்பி விட்டுடாதீங்க, பத்து நிமிஷத்துல நீங்களே உறுதி பண்ணிக்கலாம். 2006க்கு முன்னாடி வந்த எஸ்2000 எல்லாம் கேபிள் வண்டி, பெடல் ஒரு கம்பிக் கேபிளால நேரா தட்டைத் திறக்கும், அதனால சுலபம். எஞ்சின் ஆஃப், சாவி கையில. குனிஞ்சு பெடலை கையால மெதுவா அழுத்துங்க, காலைவிட கைக்கு நல்லா தெரியும். மேட் பெடல்ல இடிக்குதானு அப்பவே பாத்துடுங்க, ரெண்டு மேட் ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருந்தா மேல உள்ளதை தூக்கி டிக்கில போடுங்க, இது விளையாட்டு இல்ல, 2009ல டொயோட்டா அமெரிக்காவுல லட்சக்கணக்கான காரை திருப்பி வரவழைச்சதுக்கு மேட்டும் பெடலும் சிக்கறதுதான் காரணம். அப்புறம் பானட்டைத் திறந்து த்ராட்டில் பாடி பக்கத்துல கேபிள் சுத்தி வர்ற அரைவட்ட சக்கரத்தை விரலால சுத்துங்க. அதே டக் அங்கயும் வருதா? இப்ப கேபிள் முனையை சக்கரத்துலேர்ந்து கழட்டிட்டு சக்கரத்தை மட்டும் சுத்துங்க. கேபிள் இல்லாமயே ஒட்டினா பிரச்சனை த்ராட்டில் பாடில. சக்கரம் வெண்ணெய் மாதிரி சுத்துச்சுன்னா கேபிளை மட்டும் இழுத்து விடுங்க, சொரசொரப்பா இருந்தா உள்ள கம்பி இழை பிரிஞ்சிருக்கு, முனை கிட்ட ஒரு இழை வெளில நீட்டிட்டிருந்தாலே கேபிள் மாத்தணும், எண்ணெய் விட்டு சமாளிக்காதீங்க. ரெண்டும் சரின்னா பெடல் பிவட், அதாவது பெடல் ஆடற அச்சுல பிரச்சனை. இதையே ஒரு தடவை ஓட்டிட்டு வந்து சூடா இருக்கும்போது எஞ்சினை நிறுத்திட்டு திரும்பவும் செய்யுங்க, கை சுடும், கிளவுஸ் போட்டுக்கங்க.

கடைசியா ஒரு சோதனை, இதுதான் எனக்கு ரொம்ப கவலையானது. சக்கரத்தை முழுசா திறந்து சட்டுனு விடுங்க. டப்புனு சத்தத்தோட போய் மூடணும். பாதி வழில தயங்கிச்சு, நீங்க தள்ளினாதான் மூடுதுன்னா காரை அங்கயே விட்டுடுங்க, டீலர் கிட்ட போறதா இருந்தாலும் ரிகவரி வண்டில ஏத்தி அனுப்புங்க. மூடி ஒட்டறது எரிச்சல், திறந்தபடி ஒட்டறது உயிருக்கு ஆபத்து. ரோட்டுல அப்படி ஆச்சுன்னா கிளட்சை மிதிச்சு நியூட்ரல் போடுங்க, ரெவ் லிமிட்டர்ல போய் கத்தும், கத்தட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, த்ராட்டில் திறந்திருந்தா பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, ஒண்ணு ரெண்டு மிதிலயே தீந்துடும், அதனால ஒரே மிதி, அழுத்தமா. ஓரமா நின்னப்புறம் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்க. உங்க கார்ல ஸ்டார்ட் பண்ணத்தான் அந்த சிவப்பு பட்டன், நிறுத்தறது சாவியாலதான்.

மூடி ஒட்டறதையும் சும்மா விட முடியாது. பின்சக்கர டிரைவ், உங்க மாடல்ல ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. ஈர ரோட்டுல ரவுண்டானா நடுவுல லேசா ரேஸ் குடுக்கப் போய் அது துள்ளுச்சுன்னா பின்பக்கம் சுத்திடும்.

இப்ப டீலர் விஷயம். "பாத்துதானே வாங்கினீங்க"ங்கறது தனி ஆள்கிட்ட வாங்கினா ஓரளவு செல்லும், வியாபாரிகிட்ட வாங்கினா செல்லாது. அங்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கு, கார் வயசுக்கும் விலைக்கும் ஏத்த தரத்துல இருக்கணும், பாதுகாப்பும் அதுல சேர்த்தி. வாங்கின 30 நாளுக்குள்ள குறை இருக்குனு நீங்க காட்டினா காரைத் திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கேக்கலாம். காட்ட வேண்டியது நீங்க, அதான் வீடியோ எடுக்கச் சொன்னேன். 30 நாள் தாண்டி ஆறு மாசம் வரைக்கும் ரிப்பேர் கேக்கலாம், அப்ப குறை வாங்கும்போது இல்லைனு நிரூபிக்க வேண்டியது டீலர் பொறுப்பு.

என் கருத்தைக் கேட்டா, வெறும் அழுக்குக்காக இந்தக் காரைத் திருப்பிக் குடுக்காதீங்க, வயசான காருக்கு அழுக்கு பெரிய குறைனு வாதாடறதும் கஷ்டம், ஆசைப்பட்டு வாங்கினது வேற. இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க: இந்த தேதில வாங்கினேன், ஆக்ஸிலேட்டர் ஒட்டி பாயுது, வீடியோ இணைச்சிருக்கேன், உங்க செலவுல சரி பண்ணிக் குடுங்க, திருப்பிக் குடுக்கற உரிமையை நான் விட்டுடல. போன்ல பேசி முடிக்காதீங்க. ரிப்பேருக்கு விட்டா அந்த நாட்கள் 30ல கணக்காகாது. கேபிள் பிரிஞ்சிருந்தாலோ தட்டு திரும்பி மூடலைனாலோ பேச்சே வேற, அப்ப திருப்பிக் குடுக்கறதையும் யோசிங்க. கிரெடிட் கார்டுல ஒரு பகுதி கட்டியிருந்தாலும், கார் விலை 30,000 பவுண்டுக்குள்ள இருந்தா, 1974 கடன் சட்டத்தோட 75வது பிரிவுல கார்டு கம்பெனியும் பொறுப்பு.

சுத்தம் பண்றவர் யாரா இருந்தாலும் பக்கத்துல நில்லுங்க. த்ராட்டில் கிளீனரை துணில அடிச்சு தட்டோட ரெண்டு பக்கமும் ஓரமும் துடைக்கணும், உப்புத்தாள் கம்பி பிரஷ் ஆகாது. தட்டு நிக்கற இடத்துல ஒரு குட்டி ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகி தட்டை கொஞ்சம் திறந்து வச்சா ஒட்டறது உடனே நின்னுடும், நிறைய பேர் அப்படித்தான் "சரி" பண்ணிக் குடுக்கறாங்க, ஆனா ஐடில் ஏறிடும், அழுக்கு உள்ளயே இருக்கும். அது தொழிற்சாலைல வச்ச அளவு, தொடவே கூடாது.

கேள்வி: நான் 2007 எஸ்2000 பாத்துட்டிருக்கேன். டெஸ்ட் டிரைவ்ல கியர் மாத்தும்போது காலை எடுத்தும் ரெவ் உடனே இறங்கல. இதுவும் த்ராட்டில் ஒட்டறதா?

பதில்: 2006லேர்ந்து கேபிள் கிடையாது, மோட்டார்தான் தட்டைத் திறக்குது, அதனால மேல சொன்ன கை வைத்தியம் உங்களுக்கு ஆகாது, சாவி ஆன்ல இருக்கும்போது தட்டுல விரலே வைக்காதீங்க, மோட்டார் நசுக்கிடும். ரெவ் தொங்கறதுக்கு இன்டேக் பக்கம் காத்து கசிவு காரணமா இருக்கலாம், யாராவது சுத்தம் பண்ணிட்டு ஐடில் லேர்ன், அதாவது கம்ப்யூட்டருக்கு ஐடில் அளவைத் திரும்பக் கத்துக்குடுக்கறது, பண்ணாம விட்டதாவும் இருக்கலாம். ஸ்கேனர் போட்டு பெடலை விட்டப்புறம் த்ராட்டில் திறப்பு எவ்வளவு காட்டுதுனு பாக்கச் சொல்லுங்க. தட்டு மூடியும் ரெவ் தொங்கினா கசிவைத் தேடணும். அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுக்காதீங்க, கார் நம்பர் போட்டா எம்ஓடி (வருஷாந்திர தகுதிச் சோதனை) சரித்திரம் அரசு தளத்துல இலவசமா வரும், அதையும் பாத்துடுங்க.