காசு வர ஆரம்பித்ததும் வரையும் ஆசை போனது ஏன்?

வரையும் திறமை எங்கும் போய்விடவில்லை, இது சோம்பலும் இல்லை. ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகு பென்சிலைத் தொடவே மனம் வரவில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் ‘எனக்காக வரைகிறேன்’ என்பது ‘கூலிக்காக வரைகிறேன்’ என்று உள்ளுக்குள் மாறியிருக்கும்.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் நர்சரிக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாங்களாக ஸ்கெட்ச் பேனாவோடு இருந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தபோது ஆசை குறையவில்லை.

ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம், யாருக்கும் காட்டாத நோட்டில் கிறுக்கிப் பாருங்கள். நேரம் போவதே தெரியாமல் கை ஓடினால் சிக்கல் ஆர்டரில்தான்.

அப்புறம், வரைவது மட்டுமல்லாமல் எதுவுமே இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை, தூக்கமும் கெடுகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.