பழைய ஓட்டு வீடு வாங்கிக் குடியேறுவோருக்கு: கேள்வி பதில்

மயிலாடுதுறையில் அக்ரகாரத் தெருவில் முற்றம் வைத்த வீடு. பக்கத்துத் தெரு விலையில் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசை. வாங்கலாமா சார்?

விலை அவ்வளவு குறைந்தால் முதலில் அடிமனை யாருடையது என்று பாருங்கள். காவிரிக் கரை ஊர்களில் பல தெருக்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். மேலே உள்ள கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. டவுன் சர்வே பதிவேட்டிலும் பட்டாவிலும் சுவாமி பெயரோ தேவஸ்தானத்தின் பெயரோ இருக்கும். விற்பவரிடம் அடிமனை வாடகை ரசீது இருக்கிறதா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கோயில் மனையை விற்க 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டடத்துக்கு மட்டும் எழுதி வாங்கினால், கோயில் உங்களை வாடகைதாரராக ஏற்காமல் ஆக்கிரமிப்பாளராகவே நடத்தலாம். இப்படிப்பட்ட மனைக்கு வங்கிக் கடனும் பொதுவாகக் கிடைக்காது. கடைசிவரை இருக்கப் போகும் வீடு என்பதால், இதை நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. போதாதா?

போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதியாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் ஏறா. பழைய வீட்டில் பெரிய சிக்கலே அத்தைமார்களும் பெரியப்பா பிள்ளைகளும்தான். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டின் 1989 திருத்தம், பிறகு 2005 மத்தியத் திருத்தம். யார் பெயரில் கடைசியாகப் பத்திரம் இருக்கிறதோ, அவரிலிருந்து கீழே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் முன்பணம்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: கதவு, நிலை, தூண், ஊஞ்சல் சங்கிலி, ஓடு எல்லாம் எண்ணிக்கையோடு. செட்டிநாட்டுப் பக்கம் தேக்குத்தூணுக்கு நல்ல விலை. பதிவு நாளுக்குள் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய், அந்த இடத்தில் செங்கல் தூண் நின்றால் கேட்க வழியிருக்காது.

கும்பகோணம் வீடு. சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம். இரண்டு முறை சிமெண்ட் பூச்சு பூசியும் உப்புப் பூத்துக் கொட்டுகிறது. என்ன கெமிக்கல் அடிக்கலாம் அண்ணா?

எந்தக் கெமிக்கலும் அடிக்காதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பூச்சு வழியாகவே வெளியே ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது. ஈரம் பூச்சு முடிகிற இடம்வரை ஏறி அங்கே வெளியேறுகிறது. உப்பு உள்ளேயே படிந்து பூச்சைத் தள்ளுகிறது. கறை மூன்றடிக்கு ஏறியதற்கு அந்தப் பூச்சே காரணமாக இருக்கும். இடுப்பளவு டைல்ஸ் ஒட்டினாலும் இதேதான்.

முதலில் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள். வெளி மண்மட்டம் உள் தரையைவிட அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிக்கிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு கறைக்கு மேலே ஒன்றரை அடிவரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்க வெறும் செங்கலாகக் காய விடுங்கள். உதிரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் சுவர் அதைத் திரும்ப உறிஞ்சும். கடைசியில் இரண்டு வாரமாவது ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு 1, கழுவிய மணல் 3 என்று பூசி, மேலே வெள்ளையடிப்பு. பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

அக்ரகாரத்தில் முற்றம் வைத்த வீடு. தெருச்சாலை வீட்டைவிட இரண்டடி உயர்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

சாலை போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வந்த வினை இது. உங்கள் வீட்டில் இரண்டு தடைகள். ஒன்று, அக்ரகார வரிசையில் பக்கவாட்டுச் சுவர் பொதுச்சுவர். அண்டை வீட்டைத் தூக்காமல் உங்களுடையதைத் தூக்க முடியாது. இரண்டு, மண் அல்லது சுண்ணாம்புக் காரைச் சுவரை அடியில் அறுத்து ஜாக்கியில் ஏற்றினால் கற்கள் பிரியும்.

தூக்குவதைவிட முற்றத்துத் தண்ணீரைத் திருப்புங்கள். முற்றத்துக்குள் சரியும் கூரை 600 சதுர அடி என்றால், 10 செ.மீ. மழையில் சுமார் 5,500 லிட்டர் இறங்கும். தெருப்பக்கம் போகும் பழைய தூம்பை (தண்ணீர் போகும் துவாரம்) அடைத்துவிட்டு, 4 அங்குலக் குழாய் இரண்டு கொல்லைப்பக்கமாக வாட்டம் கொடுத்துக் கொண்டுபோங்கள். ஒன்றில் சருகு அடைத்தாலும் மற்றது காப்பாற்றும்.

காரைக்குடி. கட்டை அடுக்கி மேலே செங்கல் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் மாடி ஒழுகுகிறது. மேலே 4 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

விடாதீர்கள். 4 அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. 10க்கு 10 அறைக்கு 2.3 டன். அதைத் தாங்கப் போவது சுவருக்குள் முனை செத்துப்போயிருக்கக்கூடிய தேக்குக் கட்டைகள்.

முதல் வேலை கீழே. ஒவ்வொரு கட்டையின் முனையிலும், சுவரை ஒட்டிய இடத்தில், ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் முனை போயிற்று. அது ஒன்றிரண்டு கட்டையில்தான் என்றால், முட்டுக் கொடுத்துவிட்டு இருபக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போடலாம். வரிசையாகப் போயிருந்தால் சுவரோரமாக இரும்பு ஐ பீம் ஓட்டிக் கட்டைகளை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். எது போதும், எத்தனை அளவு என்பதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும்.

அதன் பிறகு மேலே. விரிசல் விட்ட தட்டோட்டையும் (மேலே பதிக்கும் தட்டையான ஓடு) தளர்ந்த பழைய தளத்தையும் எடுத்துவிட்டு, ஊறவைத்த செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு சேர்த்து 3 அங்குலம் போடுங்கள். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் தட்ட வேண்டும். தட்டுக்கட்டை துள்ளி எழும்பும்வரை. மேஸ்திரிகள் இதைத்தான் சுருக்கிவிடுகிறார்கள், ஒழுகுவதும் அதனால்தான். மேலே தட்டோடு.

ஆத்தங்குடித் தரை (செட்டிநாட்டுக் கைவேலைச் சிமெண்ட் டைல்ஸ்) மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

கூடவே கூடாது, நிறமே போய்விடும். ஈரத்துணி, பிறகு தேங்காயெண்ணெய் துளி விட்ட துணி. போதும்.

கரையான்?

குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. (தண்ணீரில் கலக்கும் 20 சதவீதச் செறிவுள்ள பூச்சிமருந்து) ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒரு துளை, 12 மி.மீ. டிரில், துளைக்கு 1 லிட்டர்வரை செலுத்தி அடைப்பார்கள். கிணறு பக்கம் என்றால் அந்தச் சுவரில் இந்த மருந்து கூடாது. தரை வேலைக்கு முன்பே இதை முடியுங்கள். புதுத் தரையில் யாருக்கும் துளை போட மனசு வராது.

மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங்கை அழகுக்காக அப்படியே வைக்கலாமா?

சட்டம் இருக்கட்டும், ஒயர் இருக்கக் கூடாது. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. செம்பு. புது எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஓதச் சுவரில் சுவிட்ச் பெட்டி பதிக்க வேண்டாம்.

வாங்கி இரண்டு மாதத்தில் குடி போய்விடலாமா?

ஓடு மாற்றிக் கழிவறை கட்டுவதற்கு மட்டும் அந்த நேரம் சரி. சுவர் ஓதம் இருந்தால், பங்குனியில் பூச்சைக் கொத்தி, ஆடி முடிகிறவரை காய விட்டு, ஐப்பசி மழை ஒன்றை வெறும் வீட்டிலேயே பாருங்கள். பெய்கிறபோது டார்ச் எடுத்து ஓட்டின் அடியில் நடந்து, ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். வெயிலில் ஓடுகளைப் பார்த்து எந்த ஆசாரியாலும் அந்த இடத்தைச் சொல்ல முடியாது.