18 வயதில் இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பண உதவி தவிர நாம் என்ன செய்ய முடியும்?

ஒரு குழந்தைகள் இல்லத்திற்கு மாதாமாதம் பணம் அனுப்புவதாகவும், அங்கே பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியேறப்போகும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஏதாவது செய்ய ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாகச் செய்யலாம். அந்த வயதில் அவர்களுக்கு ரொம்ப முக்கியமாக வேண்டியது ஒரு ஆள். "அக்கா, இதுக்கு என்ன பண்றது?" என்று ராத்திரி ஒன்பது மணிக்கும் போன் செய்யக்கூடிய ஒரு ஆள்.

திருச்சியில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே பழகிய பிள்ளைகள் சிலர் வெளியே வந்து வேலைக்குப் போன பிறகும் எங்கள் வீட்டோடு தொடர்பில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. மணியடித்தால் எழுந்து, தன் துணியைத் தானே துவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டு, அதன் பிறகு பள்ளிக்கூடம் போகிறவர்கள். ஆனால் அண்டாவில் கொதிக்கிற சாம்பாருக்கு வெங்காயம் உரித்துப் பழகிய பெண்ணுக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாது. கால் கிலோ தக்காளி வாங்கியிருக்க மாட்டாள், கேஸ் புக் பண்ணியிருக்க மாட்டாள், வீட்டுச் சாவி என்று ஒன்றைக் கையில் வைத்திருந்ததே இருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, அப்பா கூட பேங்க்குக்குப் போனதிலும் கொத்தமல்லி வாங்க அனுப்பப்பட்டதிலும் தானாக வந்துவிடுகிறது, கல்யாணமான பிறகும் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அம்மாவுக்குப் போன் செய்ய முடிகிறது. இந்தப் பிள்ளைகள் அதையெல்லாம் 18 வயதில் ஒரே வாரத்தில், யாரையும் கேட்காமல், தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரைகூட, பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகான ஆதரவு தரலாம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4000 ரூபாய் உண்டு. சென்னையில் ஒரு அறைக்கு அது காணாது என்றாலும், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்? இல்லத்துப் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதவும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கவும் துணையாக ஒருவர் போனால்தான் ஃபைல் நகர்கிறது. அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

18 முடிந்த பிறகு போய் அறிமுகம் செய்துகொண்டால் ரொம்பத் தாமதம். பிளஸ் ஒன் படிக்கும்போதே பழக ஆரம்பியுங்கள், இல்லத்தின் அனுமதியோடு, இல்லத்திலேயே. முதல் வேலையாகக் காகிதங்களைப் பாருங்கள். ஆதாரில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது? எப்போதோ வேலையை விட்டுப் போன வார்டனுடைய எண்ணாக இருந்தால், வெளியே வந்த பிறகு ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இருப்பிடச் சான்று எல்லாம் அந்தப் பிள்ளையின் கையில் வந்து சேர வேண்டும்.

சாதிச் சான்றிதழ் தனிக் கதை. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு எதை வைத்துக் கொடுப்பது என்று தாலுகா அலுவலகத்தில் குழம்புவார்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இதற்கு இடம் இருக்கிறது: பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் அதில் வருகிறார்கள். கல்லூரி சேர்க்கை நேரத்தில் அலையாமல் முன்பே வாங்கி வையுங்கள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால், கல்லூரியில் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். அதற்கும் விண்ணப்பித்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

இதெல்லாம் செய்யும்போதே ஒரு பழக்கம் வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் விஷயம். சேர்ந்து ஆதார் மையத்தில் வரிசையில் நின்று, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே பேசுகிற பேச்சில்தான் ஒரு பெண் முதன்முதலாக "எனக்கு நர்சிங் பிடிக்கல அக்கா, இல்லத்து மதர் சொன்னாங்கன்னுதான்" என்றாள். வகுப்பறையில் அது வந்திருக்காது.

அப்புறம் வாக்குக் கொடுப்பது. வருகிறேன் என்றால் வர வேண்டும், முடியாது என்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்களை இந்தப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத குழந்தைக்காகக் கைதட்டிப் பாட்டுப் பாடி, நன்றி சொல்லி, போட்டோவுக்கு நின்றிருக்கிறார்கள், வந்தவர்களில் பலரை அடுத்த வருடம் பார்த்ததில்லை. அதனால் உங்களையும் சோதிப்பார்கள். போனை எடுக்க மாட்டார்கள், பொய் சொல்வார்கள், திடீரென்று கோபப்படுவார்கள். அந்தச் சமயத்தில் விலகிவிடாதீர்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் அதையே சொல்லி, அதைத் தவறாமல் செய்தால் போதும்.

வெளியே வந்த முதல் வருடம்தான் கடினம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "சொந்தக்காரங்க யாரு, அப்பா என்ன பண்றாரு?" என்பதுதான் முதல் கேள்வி, இல்லத்தில் வளர்ந்தவள் என்று தெரிந்ததும் "வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்று ஒரு பதில். ஒரு பெண்ணுக்காக நானும் என் கணவரும் நேரில் போய் "எங்க வீட்டுப் பொண்ணுதான், எதுன்னாலும் எங்களுக்குப் போன் பண்ணுங்க" என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 2017-இல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதை அந்தப் பிள்ளை தனியாக நின்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, பெரியவர் ஒருவர் கூட நின்றால் பேச்சு வேறு மாதிரி போகிறது.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். குடல்வால் ஆபரேஷனுக்குச் சேர்ந்த பிள்ளையிடம் நர்ஸ் "அட்டெண்டர் யாரும்மா?" என்று கேட்டபோது, ரூம்மேட்டிடம் இருந்து எனக்குப் போன் வந்தது. போய் உட்கார்ந்தேன், கையெழுத்துப் போட்டேன், கஞ்சி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் யாருமே இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தீபாவளி, பொங்கல் வந்தால் கல்லூரி ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். எல்லாரும் ஊருக்குக் கிளம்பும்போது எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். விருந்தாளியாக உட்கார வைக்காமல் முறுக்குப் பிழியச் சொல்லுங்கள், கடைக்கு அனுப்புங்கள்.

பணம் பற்றியும் பேச வேண்டும். முதல் சம்பளத்தைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. கிடைத்ததைப் பங்கு போட்டே வளர்ந்தவர்கள், இல்லை என்று சொன்னால் உறவு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள். லோன் ஆப்பில் மாட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். மாதச் சம்பளத்தை ஒரு தாளில் சேர்ந்து எழுதிப் பாருங்கள்: வாடகை, பஸ் பாஸ், சாப்பாடு, ஆர்.டி. காதல் என்று வந்து சொன்னாலும் உபதேசம் செய்யாதீர்கள், அந்தப் பையனை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கத்திலேயே அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு வேறு ஆட்களும் இருந்தால் அந்த அவசரம் குறைகிறது.

நீங்கள் மட்டுமே எல்லாமாகவும் இருக்க முயல வேண்டாம். இல்லத்தில் இருக்கும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவர் உயிரோடு இருப்பார். 18 வயதில் நேரே அங்கே அனுப்பிவிட்டால், அடிக்கடி பார்த்திராத அம்மாவோடு ஒரே அறையில் எப்படி இருப்பது? அதற்கு முன்பே லீவு நாட்களில் போய்வர ஏற்பாடு செய்யும்படி இல்லத்தில் பேசுங்கள். அதே போல, முன்பு வெளியே போன அக்காக்கள் பெரிய பலம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கும் ஒரு அறைதான் எனக்குத் தெரிந்த பல பிள்ளைகளின் முதல் முகவரி. ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தங்கும் ஏற்பாட்டையும், வழிகாட்ட ஒருவரையும் விதிகளே சொல்கின்றன. இந்தப் பிள்ளைகள் அதைத் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

18 வயது ஆகாத வரை, இல்லமும் குழந்தைகள் நலக் குழுவும் அனுமதிக்காமல் யாரையும் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். போட்டோ, பெயர் எதையும் எங்கேயும் போடாதீர்கள், சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

நீங்கள் பணம் அனுப்பும் இல்லத்திலேயே ஆரம்பிக்கலாம், அல்லது உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேட்கலாம். கேட்கும்போது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறவர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளைப் பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர், இந்த வயதுப் பிள்ளைகளைக் கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.