கஹானேவைத் தடுத்த சட்டம்

கேள்வி: மதவெறியையே அரசியலாக நடத்துகிறவர்கள் நாடாளுமன்றத்துக்குள் வராதபடி ஒரு சட்டம் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: போட்டுப் பார்த்த நாடு இஸ்ரேல். புரூக்ளினில் பிறந்த யூத மதகுரு மெயிர் கஹானே 1971-ல் அங்கே குடியேறி 'காக்' கட்சியைத் தொடங்கினார். அரபு மக்களை நாட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்பதுதான் கொள்கை. 1973, 1977, 1981 மூன்று தேர்தல்களிலும் தோல்வி. 1984-ல் தேர்தல் குழு அவர் கட்சிக்குத் தடை போட, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அங்கே தொகுதிகள் கிடையாது. நாடு முழுக்க வாங்கும் வாக்கு விகிதப்படி 120 இடங்களையும் பிரிப்பார்கள். அன்று 1 சதவீதம் இருந்தால் போதும். கஹானே பெற்றது 25,907 வாக்குகள், 1.2 சதவீதம். ஓர் இடம்.

அந்த ஓர் இடத்தை வைத்துக்கொண்டு அவர் கொண்டுவந்த மசோதாக்கள் அருவருப்பானவை. யூதரல்லாதவருக்குக் குடியுரிமை கிடையாது. யூதரும் அரபியரும் மணக்கக் கூடாது. லிக்குட் கட்சி உறுப்பினர் மிக்கேல் எய்தான் அவற்றை, யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நாஜிகளின் நூரம்பெர்க் சட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டியலிட்டார். கஹானே பேச எழுந்தால் வலதுசாரி லிக்குட்காரர்களே வெளியேறினார்கள். சட்டம் வருவதற்கு முன்பே அவரை ஒதுக்கிவைத்தது இந்த வெளிநடப்புதான்.

1985-ல் நாடாளுமன்றம் பற்றிய அடிப்படைச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தார்கள்: இனவெறியைத் தூண்டுகிற கட்சி போட்டியிட முடியாது. 1988-ல் காக் கட்சியை அதன்படி விலக்கினார்கள். இம்முறை நீதிமன்றமும் ஏற்றது. 1990-ல் நியூயார்க்கில் கஹானே சுட்டுக்கொல்லப்பட்டார். 1994-ல் அவர் இயக்கத்தவரான பாரூக் கோல்ட்ஸ்டைன் மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகர மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைக் கொன்றபின், அந்த இயக்கமே சட்டவிரோதமானது.

7அ இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள், பேச்சுக்குப் பேச்சு ஆதாரம் கேட்கும். 2019-ல் கஹானேவாதக் கட்சி ஒன்றின் மிக்கேல் பென் அரியை உச்ச நீதிமன்றம் விலக்கியது. அதே கட்சியின் இதமார் பென் க்விரை அனுமதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தனியாக நின்ற அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 1.88 சதவீதம். தேவையோ 3.25. அதோடு முடிந்திருக்க வேண்டியது. 2021-ல் பெரும்பான்மைக்கு ஒவ்வொரு இடமும் தேவைப்பட்ட பிரதமர் நெதன்யாகு, பென் க்விரை மற்ற மதவாதக் கட்சிகளோடு ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார். உள்ளே வந்த பென் க்விர் 2022 டிசம்பரில் தேசியப் பாதுகாப்பு அமைச்சர். காவல்துறை அவர் பொறுப்பில். நெதன்யாகு தலைமை வகிப்பது, அன்று கஹானே பேசும்போது எழுந்து போன அதே லிக்குட்டுக்கு.

சட்டம் வேண்டும்தான். ஆனால் இப்படிக் கைகொடுத்து ஏற்றிவிடும் பெரிய கட்சியை 7அ தொடுவதே இல்லை. நீங்கள் கேட்கும் சட்டம் தொடுமா?