வாகனப் பகுதி: வாசகர் கேள்விகள் – ஒயில் பில்டருக்கு என்ன விலை போடுவது?

கேள்வி: வாகன விற்பனை நிலையமொன்றின் சேவிஸ் பகுதியில் உதிரிப்பாகங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒயில் பில்டர், பிறேக் பாட், வைப்பர் பிளேட் எல்லாம் பட்டினத்துக் கடைகளைவிட எங்களிடம் விலை கூட என்று சனம் முறையிடுகிறது. எல்லாப் பாகத்திலும் 10 வீதம் கழிப்போம் என்கிறார் முகாமையாளர். சரிவருமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: சரிவராது. காசும் போகும், பெயரும் வராது. கணக்கைப் பாருங்கள். ஒரு பில்டரின் கொள்விலை வற் (பெறுமதிசேர் வரி) இல்லாமல் 1,800 ரூபா என்று வைப்போம். 50 வீதம் கூட்டி 2,700. அதன்மேல் 18 வீத வற் சேர, வாடிக்கையாளர் கட்டுவது 3,186. அதே இலக்கப் பில்டர் கடையில் 2,600. நீங்கள் 10 வீதம் கழித்தால் 2,430, வற்றோடு 2,867. இன்னமும் கடையைவிடக் கூடத்தான். ஆனால் 900 ரூபா இலாபம் 630 ஆகிவிட்டது. இலாபத்தில் 30 வீதம் போய்விட்டது.

வாகனக்காரருக்கு விலை மனப்பாடமான பாகங்கள் எத்தனை? ஒயில், ஒயில் பில்டர், எயர் பில்டர், ஏசி பில்டர், முன் பிறேக் பாட், வைப்பர், ஸ்பார்க் பிளக், பற்றரி. அவ்வளவுதான். கதவுக் கைபிடியின் விலையோ ஒட்சிசன் சென்சரின் விலையோ ஒருவருக்கும் தெரியாது. இந்த எட்டில் விலை கூடினால் முழு பில்லிலும் கொள்ளையடிக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே இந்த எட்டையும் வழமையான விலைப் பட்டியலிலிருந்து பிரித்தெடுத்து, கணினியில் தனிக் குறியீடு கொடுங்கள். அவற்றின் விலையைக் கொள்விலை தீர்மானிக்கக்கூடாது, சந்தை தீர்மானிக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். ரொயோட்டா அக்குவா என்றால் 90915-10003 ஒரிஜினல் பில்டர் என்ன விலை என்று கேட்க வேண்டும். ‘அக்குவா பில்டர்’ என்றால் 900 ரூபாச் சாமானுக்கும் விலை சொல்லுவார்கள். ஒயில் வடிக்கும் நட்டின் வாசரும் சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள். சொல்லப்படும் விலையை எப்போதும் உங்கள் வற் சேர்ந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். வற் பதிவில்லாத சிறு கடைக்காரரின் பில்லில் வரி தனியாகத் தெரியாது. வாடிக்கையாளர் பார்ப்பது கடைசித் தொகையை மட்டும்.

நடுவில் வரும் விலையை எடுத்து அதைவிட 100 ரூபா கூடப் போடலாம். 2,700 என்று வையுங்கள். வற் போக 2,288, இலாபம் 488. முன்னையதைவிட 412 குறைவு. மாதம் 80 பில்டர் போனால் 32,960 ரூபா விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒரு சேவிஸின் கூலியில் 3,000 மிஞ்சுமென்றால், பில்டர் இலாபத்தோடு 3,488. மாதம் பத்து வாகனம் கூடுதலாக வந்தால் ஈடாகிவிடும். பத்து வராது என்று தெரிந்தால் விலையைக் குறைத்துப் பயனில்லை. முதலில் புதிய விலையைப் பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். களஞ்சியத்துக் கணினிக்குள் மட்டும் விலையைக் குறைத்துவிட்டு ஒருவரும் வரவில்லை என்று குறைப்படுகிற நிலையங்கள்தான் கூட.

கேள்வி: விட்டுக்கொடுத்ததை மற்றப் பாகங்களில் எடுக்கலாமா? எங்களிடம் 500 ரூபா வரை கொள்விலையான பாகத்துக்கு 100 வீதம், அதற்கு மேல் 50 வீதம் கூட்டுகிறோம்.
– சுன்னாகம் வாசகர்

பதில்: எடுக்கலாம், சின்னச் சாமானில். 150 ரூபாக் கிளிப்பை 300க்கு விற்றால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. ஹெட்லைற், பம்பர் போன்றவற்றில் வேண்டாம். காப்புறுதி மதிப்பீட்டாளர் அடுத்த நிலையத்து விலையோடு வைத்துப் பார்ப்பார்.

உங்கள் பட்டியலில் வேறொரு ஓட்டை இருக்கிறது. 490 ரூபாச் சாமான் 980க்குப் போகிறது, 510 ரூபாச் சாமான் 765க்குப் போகிறது. முதல் 500 ரூபாவுக்கு 100 வீதமும், மிச்சத்துக்கு மட்டும் 50 வீதமும் கூட்டுங்கள். 510 அப்போது 1,015 ஆகும். மேலே போகப்போகக் கூட்டும் வீதத்தை இன்னும் இறக்கலாம், படி மாறுமிடத்தில் விலை விழாது.

இன்னொன்று: 40 வீதம் கூட்டுவது வேறு, விற்பனையில் 40 வீதம் இலாபம் எடுப்பது வேறு. 1,800க்கு 40 வீதம் கூட்டினால் 2,520. இலாபம் விற்பனை விலையில் 28.6 வீதம்தான். 40 வீதம் நிற்க வேண்டுமென்றால் 1,800ஐ 0.6ஆல் வகுத்து 3,000 போட வேண்டும்.

கேள்வி: வாடிக்கையாளர் வெளியில் வாங்கிய பாட், பிளக்கைக் கொண்டுவந்து பூட்டித் தரச் சொல்கிறார். கூலியைக் கூட்டலாமா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: தண்டம் மாதிரிக் கூட்டாதீர்கள், அடுத்த முறை வாகனமே வராது. கூலி தன் காலில் நிற்கிற அளவுக்கு இருந்தால் பாகம் எங்கிருந்து வந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஆனால் பாகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதை வேலை அட்டையில் எழுதி, வேலை தொடங்க முன் கையெழுத்து வாங்குங்கள். பிறேக் பாட்டின் பின்தகட்டில் சிம் என்கிற மெல்லிய தகடு இல்லாவிட்டால் கீச்சிடும். திட்டு உங்களுக்குத்தான் விழும். இரிடியம் பிளக் போட வேண்டிய இடத்துக்குச் சாதாரண பிளக் வந்திருந்தாலோ, வெப்ப இலக்கம் (பிளக் வெப்பத்தைக் கடத்தும் அளவைக் காட்டும் எண்) மாறியிருந்தாலோ பூட்டாமல் திருப்பிக் கொடுங்கள்.

போலிப் பில்டரின் விலையோடு மட்டும் போட்டிக்குப் போகவேண்டாம். எஞ்சின் நின்றதும் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதில் சரியாக இராது; காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது ஒயில் மேலே ஏற முன் எஞ்சின் கடகடக்கும். அறுத்த இரண்டு பில்டரை, ஒரிஜினலும் போலியுமாக, கவுண்டரில் வைத்தால் விளக்கம் சொல்லத் தேவையே இல்லை.

கேள்வி: பற்றரிக் கடையின் விலைக்கு எங்களால் இறங்கவே முடியவில்லை.
– நல்லூர் வாசகர்

பதில்: கடைக்காரர் பழைய பற்றரிக்கான காசைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்கிறாரா என்று பாருங்கள், ஈயத்துக்கு நல்ல விலை இருக்கிறது. நீங்களும் பழையதை எடுத்துக்கொண்டு அதே மாதிரிக் கழியுங்கள். அக்குவாவின் 12 வோல்ட் பற்றரியைச் சாதாரணப் பற்றரி விலையோடு ஒப்பிடவே கூடாது. அது பின் சீற்றுக்கு அடியில், வாகனத்துக்குள்ளேயே இருப்பதால் வாயுவைக் குழாயால் வெளியே விடும் வகைதான் வேண்டும். விலைப் பலகையில் இரண்டையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து அவசரத்துக்கு ஒவ்வொன்றாகப் பார்சலில் எடுப்பதையும் நிறுத்துங்கள். முன் சொன்ன எட்டுச் சாமானும் மாதக் கட்டளையில் ஒரே லொறியில் வந்தால் ஏற்றுகூலி பிரிந்துபோகும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாடகை வான்கள் ஓய்வில்லாமல் ஓடும். பிறேக் பாட்டும் ஏசி பில்டரும் ஜூலையிலேயே கையிருப்பில் இருக்கட்டும்.